மூங்கில் முதுகு

சாமித்தம்பிக்குப் பாட்டு வராது. வராது என்றால் சாதாரணமாக வராதது அல்ல. ஒருமுறை கூத்துப் பழகுகிற இடத்தில் வாய் திறந்து ஒரு விருத்தம் பாடினான். வாவியில் மேய்ந்துகொண்டிருந்த காட்டுத்தாராக் கூட்டம் அப்படியே எழும்பி வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்குப் போனது. அந்த மாரி முழுவதும் மேற்கே வவுணதீவு இருக்கிற படுவான்கரைப் பக்கம் அது திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வருசம் வவுணதீவில் தாரா இறைச்சி தின்றவர் எவருமில்லை. ஊரறிந்த சங்கதி இது.

ஆனபடியால், இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, கூத்துப் பழக்குகிற மூத்ததம்பி அண்ணாவியார் தாமே கட்டிய புதுக் கூத்துக்கு ஆள் தெரிவு செய்தபோது, ராசகுமாரன் வேசம் சாமித்தம்பிக்குக் கிடைக்கவில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு வழியால் வந்தது. வேசம் நல்லரத்தினத்துக்குப் போனது. நல்லரத்தினம் அமிர்தகழியிலிருந்து நெல் வெட்ட வந்து, வெட்டு முடிந்த பிறகும் போகாமல் நின்றவன். நல்ல உயரம், அகன்ற தோள், வெண்கலத் தொண்டை. தலையில் ராசமுடி வைத்து அவன் நின்ற நிலையைக் கண்ட கந்தப்போடி, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார். கந்தப்போடி கோயில் காரியம் பார்க்கிற வண்ணக்கர். வட்டை என்கிற ஊர் வயல்வெளியில் பாதி அவருடையது. விழுங்கிய கையோடு சபையில் சொன்னார்:

"இவன்தான் என்ட மருமகன். அரங்கேத்தம் முடியட்டும், நாள் வைப்பம்."

கந்தப்போடிக்கு ஒரே மகள், இராசாத்தி. சாமித்தம்பி அவருடைய செத்துப்போன தங்கச்சியின் மகன். ஆகவே பிறந்த அன்றைக்கே இராசாத்தி அவனுக்கு உரிமைப்பெண். இதை ஊரில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாவியில் தண்ணீர் இருக்கிறது என்று யாராவது சொல்லித் திரிகிறார்களா? தாய் உயிரோடு இருந்தால் வெற்றிலைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு தமையன் வீட்டுப் படி ஏறியிருப்பாள். தாய் இல்லை. தானாகப் போய்க் கேட்பது, தன்னுடைய தோணியைத் தானே இரவல் கேட்பதுபோல என்று சாமித்தம்பி நினைத்தான். கேட்டு வராதவனுக்கு விருப்பமில்லை என்று கந்தப்போடி நினைத்தார். இருவரும் மரியாதைக்காரர். மரியாதை இரண்டு பக்கமும் அப்படிப் பெருத்துக் கிடந்த குடும்பத்தில், நடுவில் நெல் வெட்ட வந்த ஒருவன் நுழைய இடம் தாராளமாக இருந்தது.

கூத்தின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ராசா, அவருக்கு ஒரு மகள், வீட்டில் ஒரு பழைய வில். வில்லை முறித்தவனுக்கு மகள். இது முழுக்கத் தன் சொந்தக் கற்பனை என்று அண்ணாவியார் சத்தியம் பண்ணுவார். கேட்டவர்கள் மறுபக்கம் திரும்பி இருமுவார்கள்.

சாமித்தம்பி தோணி செய்கிறவன். மரம் வளைக்கிற கை என்பதால் வில்லுக்கு அவனைத் தேடி வாவிக்கரைக் கொட்டிலுக்கே அண்ணாவியார் வந்தார்.

"மனே, வில்லு நீதான் செய்யோணும். சும்மா வளைச்ச தடி வேணாம். கோயில் சுவரில எழுதியிரிக்கிற வில்லப் போல, ரெண்டு நுனியும் மயில் கழுத்தாட்டம் முன்னுக்குத் திரும்பி நிக்கோணும்."

"எப்பிடியாப்பட்ட வில்லு, அண்ணாவியார்?"

அண்ணாவியார் பேசிச் சொல்லக்கூடியதையும் பாடித்தான் சொல்வார். மூன்று உலகத்தார் சேர்ந்தாலும் முறியாத வில், வச்சிரத்தால் ஆன வில், ஏழு மலையின் இறுக்கம் கொண்ட வில் என்று பாடினார். பாட்டு முடிவதற்குள் கொட்டிலுக்கு வெளியே கட்டியிருந்த ஆடு இரண்டு தரம் படுத்து எழும்பியது.

கூத்து ஆடுகிற களரியில் முறிக்கிற வில்லை எப்படிச் செய்வது என்று கூத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். கனமில்லாத முருக்கங்கட்டையில் செய்து, நடுவில் மரம் அறுக்கிற வாளால் பாதிக்கு மேல் அறுத்து, அறுத்த இடம் தெரியாமல் பொன்தாள் ஒட்டிவிடுவார்கள். பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டாலே முறியும். அண்ணாவியார் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார். சாமித்தம்பியும் கேட்கவில்லை. அவனுடைய மனம் அதற்குள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டது.

ராசகுமாரனுக்கு வில் முறியாவிட்டால்?

கந்தப்போடிக்குப் பாம்பென்றால் பயமில்லை, காய்ச்சல் என்றால் பயமில்லை. ஊர் சிரிக்கும் என்றால் மட்டும் தொடை நடுங்கும். களரியில் ஊர் பார்த்துச் சிரித்த ஒருவனுக்கு அவர் மகளைக் கொடுக்கமாட்டார். பிறகு ஊரில் மிச்சம் இருக்கிற மருமகன் யார்?

வில்லின் உடம்புக்கு விண்ணாங்கு மரம் எடுத்தான். விண்ணாங்கு வளைந்து கொடுக்கும். ஆனால் தனியே விட்டால் நல்லரத்தினத்தின் தோளுக்கு முன் வெகுநேரம் நிற்காது. வில்லை வளைத்தால் உள்வளைவான வயிற்றுப்பக்கம் நெரிபடும், வெளிவளைவான முதுகுப்பக்கம் இழுபடும். முறிவு இழுபடுகிற பக்கத்தில்தான் தொடங்கும். அந்த முதுகைத் தாங்கிப் பிடிக்க மூங்கிலைப்போல இன்னொன்று இல்லை. அடுப்புக்கு மேலே வருசக்கணக்காகப் புகை குடித்துத் தேன் நிறமாகிக் கிடந்த மூங்கில் ஒன்றை இறக்கினான். பிளந்து, நேராக ஓடிய பிளவொன்றைத் தெரிந்தெடுத்தான்.

மூங்கிலின் பலமெல்லாம் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே போகப்போக வெறும் சோறு. தெரியாதவன் வெளிப்பக்கத்தை வழவழவென்று சீவி அழகு பார்ப்பான். அன்றோடு அந்த மூங்கில் செத்தது. சாமித்தம்பி தோலில் கத்தி வைக்கவில்லை. உடைந்த போத்தல் ஓட்டால் மேல் மினுக்கத்தை மட்டும் மெல்லச் சுரண்டினான். கணு புடைத்த இடங்களில் அதுவும் செய்யாமல் ஒதுங்கிப் போனான், கடன் கொடுத்தவர் வீட்டு வாசலைத் தாண்டுகிறவனைப் போல. ஆத்திரம் முழுவதையும் உட்பக்கத்தில் காட்டினான். கணுக்களின் உள்தட்டை உளியால் தட்டி எடுத்தான். சீவுளியைப் பிடித்துச் சோற்றைச் சீவினான். நடுவில் ஒரு நெல்மணியின் தடிப்பு, நுனிக்குப் போகப்போகப் பனையோலைத் தடிப்பு. தொடையில் வைத்து வளைத்துக் காதைக் கொடுத்துக் கேட்பான். ஒரு இடம் மட்டும் மடங்கினால் அதற்கு இரண்டு பக்கமும் சீவல். எங்கும் ஒரே வளைவாக வரும்வரை அந்தச் சீவல் ஓயவில்லை. சுருள்கள் கொட்டிலில் முழங்கால் மட்டத்துக்குக் குவிந்தன. உள்ளே போன கோழி ஒன்று காணாமற்போய், பிறகு குஞ்சுகளோடு வெளியே வந்தது. சாமித்தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை.

நுனிகளை முன்னுக்குத் திருப்ப ஆவி வேண்டும். கந்தப்போடி வீட்டில் நெல் அவிக்கிற கிடாரத்தை இரவல் வாங்கி, கொட்டிலில் அடுப்பு மூட்டி, மரத்தின் நுனியையும் மூங்கிலின் நுனியையும் ஆவியில் பிடித்தான். கிடாரம் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அதைத் தேடி இராசாத்தி வந்தாள்.

"மச்சான், கிடாரத்தத் தாங்க. ஊறப்போட்ட நெல்லு முளைச்சுத் தானா வட்டைக்கு நடந்து போயிரும் போல இரிக்கி."

"கொஞ்சம் பொறு மச்சாள். நுனி இன்னம் அவியல்ல."

"என்னத்தப் போட்டு அவிக்கிறீங்க?"

"வில்லு."

"தின்னவா?"

அவன் அடுப்பில் விறகைத் தள்ளினான். அவள் குனிந்து மூங்கில் பட்டையை எடுத்து விரலால் தடவினாள். வளைத்தாள். விட்டாள். அது துள்ளி நிமிர்ந்தது. இராசாத்திக்குக் கூத்துத் தெரியும், மூங்கிலும் தெரியும்.

"முறிக்கிற வில்லுக்கு முதுகில மூங்கில் என்னத்துக்கு?"

"அழகுக்கு."

"அழகுக்கெண்டாத் தாள் ஒட்டுவாங்க." அவள் பட்டையைக் கீழே வைத்தாள். "மச்சான், அப்பாட்டப் போய் ஒரு சொல்லுக் கேட்டா உங்கட நாக்கு வெந்து போயிருமா?"

"உரிமைப் பொண்ணக் கேட்டு வாங்கிற வழக்கம் எங்கட குடியில இல்ல."

"கேளாத பொண்ண வேற ஆளுக்குக் குடுக்கிற வழக்கம் எங்கட அப்பாட்ட இரிக்கி. நீங்க கேட்டா நான் ஏலாதெண்டு சொல்லப் போறல்ல. அதுக்கு மேல ஒரு பொம்பிள எப்பிடிச் சொல்லுற?"

"வில்லு கேக்கும்."

"வில்லுக்கு வாய் எந்தப் பக்கம் இரிக்கி?"

அவள் கந்தைத் துணியால் பிடித்துக் கிடாரத்தை இறக்கினாள். கொதிநீரை வாவியில் ஊற்றிவிட்டு, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். சாமித்தம்பி அவள் போன திசையைப் பார்க்கவில்லை. சூடு ஆறுவதற்குள் நுனியை அச்சுக்கட்டையில் வளைத்துக் கட்ட வேண்டியிருந்தது.

வளைவு நின்றதும் ஒட்டினான். மரத்தின் முதுகையும் மூங்கிலின் உட்பக்கத்தையும் வாள்பல்லால் கீறிச் சொரசொரப்பாக்கி, எருமைத்தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையைச் சூட்டோடு பூசி, இரண்டையும் சேர்த்துத் தும்புக்கயிற்றால் நெருக்கிச் சுற்றினான். சுற்றின கயிற்றுக்கு அடியில் சின்னச் சின்ன ஆப்புகள் அடித்து இறுக்கினான். வெயிலில் காயவைத்து அவிழ்த்தபோது மரம் எது மூங்கில் எது என்று மயிரிழை நுழையவும் இடமில்லை. அந்த வில்லை நெம்பாக ஊன்றித் தோணியைக் கரைக்கு ஏற்றியிருக்கலாம். முதுகுப்பக்கம் பொன்தாள் ஒட்டினான். பொன்தாள் சனத்தைப் பார்க்க வேண்டும் என்பது களரி வழக்கம். ஆகவே ராசகுமாரன் வில்லை மறுபக்கம் திருப்பவேமாட்டான். திருப்பி வளைத்தால் விண்ணாங்கின் வயிறு இழுபட்டு ஒரு நொடியில் போய்விடும். அது சாமித்தம்பிக்கு மட்டும் தெரிந்த விசயம்.

அரங்கேற்றத்துக்கு இரண்டு கரைச் சனமும் வந்து வட்டக்களரியைச் சுற்றி இருந்தது. கிழக்கு வெளுத்து முகம் தெரிகிற நேரத்தில்தான் வில் வந்தது. ராசகுமாரி மாலையோடு வந்து நின்றாள். ராசகுமாரி என்பது தங்கராசா, வாவியில் வலை போடுகிறவன். வேசத்துக்காக மீசையை வழித்த துக்கம் பவுடருக்கு மேலாலும் தெரிந்தது.

நல்லரத்தினம் வில்லை எடுத்து, வயிற்றுப்பக்கம் முழங்காலைக் கொடுத்து, இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தான். வில் வளைந்தது. கேட்டதற்கு மேலாகவே வளைந்தது. முறியவில்லை. பிடியைத் தளர்த்தியதும் நிமிர்ந்து, நிமிர்ந்த வேகத்தில் அவன் தலையிலிருந்த ராசமுடியைத் தட்டி வாவிப் பக்கம் எறிந்தது.

பிற்பாட்டுக்காரர் இதற்குள் "முறித்தானே முறித்தானே" என்று தொடங்கிவிட்டார்கள். முறியாதபடியால் நிறுத்தவும் வழியில்லை. திரும்பத் திரும்பப் பாடினார்கள். மத்தளத்தின் தோல் தேய்ந்து, இந்தப் பக்கத்தால் பார்த்தால் அந்தப் பக்கத்துச் சூரியன் தெரிந்தது. அன்றைக்கு மடியில் கிடந்த பால்குடிப் பிள்ளைகளெல்லாம் அம்மா என்று சொல்வதற்கு முந்தி முறித்தானே என்றுதான் சொல்லிப் பழகினார்கள்.

"தம்பி, பல்லால கடிச்சுப் பாரு!"

"அரிவாள் குடுக்கட்டா? நெல்லெண்டு நினைச்சு வெட்டு!"

"ராசகுமாரிக்கு மீசை முளைக்குது, சுறுக்கா முறி மனே!"

சனம் சிரித்தது. முன்வரிசையில் பாயில் இருந்த கந்தப்போடியின் முகம் காய்கிற பாக்கைப்போலச் சுருங்கிக்கொண்டு வந்தது. சாமித்தம்பி வில்லைப் பார்க்கவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் ஒரு சுற்றுப் பாட்டு. இன்னும் ஒரே ஒரு சுற்று. அதோடு அவர் எழும்பி வேட்டியைத் தட்டிக்கொண்டு போவார். போனால் கலியாணப் பேச்சும் போகும்.

அந்தச் சுற்று முடியவில்லை. தங்கராசாவுக்குப் பொறுமை முடிந்துவிட்டது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு களரியின் நடுவுக்கு வந்தான்.

"நான் இவனக் கட்டிக்கிறன். வில்லு கிடக்கட்டும். விடிஞ்சு போச்சு, என்ட வலையில மீன் கிடந்து நாறுது."

சொல்லிவிட்டு மாலையை நல்லரத்தினத்தின் கழுத்தில் போட்டான்.

 சனத்திலிருந்து எழும்பிய சத்தத்தில் கோயில் கூரை ஓடு இடம் மாறியது. "பொண்ணு ஓமெண்டா மறுகா வில்லு என்னத்துக்கு!" என்று ஒரு கிழவி கத்தினாள். நாலு பக்கத்தாலும் அதையே கத்தினார்கள். அண்ணாவியார் இந்த முடிவும் தன் கற்பனைதான் என்பதுபோலத் தலையை ஆட்டி மங்களம் பாடத் தொடங்கினார். கந்தப்போடி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊர் அவரைப் பார்த்துச் சிரிப்பதற்குத்தான் அவர் பயந்தவர். இது அவரும் சேர்ந்து சிரிக்கக்கூடிய சிரிப்பு. எழும்பிப் போய் நல்லரத்தினத்தைக் கட்டிப்பிடித்து, "என்ட மருமகனுக்கு வில்லு முறிக்காமலே பொண்ணு கிடைக்கிது பாருங்க!" என்றார்.

சாமித்தம்பி களரிக்குள் பாய்ந்தான்.

"நில்லுங்க! முறிக்காதவனுக்கு என்ன மாலை?"

வில்லைப் பறித்தான். திருப்பினான். பொன்தாளில் முழங்காலை வைத்து இரண்டு நுனியையும் தன் பக்கம் இழுத்தான். விண்ணாங்கு வெடித்த சத்தம் அக்கரையில் மோதித் திரும்பி வந்தது. இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மத்தளமும் நின்றது, மங்களமும் நின்றது. பாட்டில்லை, முடியில்லை, மாலையில்லை. ஆனாலும் வில்லை முறித்தவன் அவன்தான். முறித்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதை யாராவது சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றான்.

கந்தப்போடி ஒரு துண்டை வாங்கினார். முறிந்த வாயில் பொன்தாள் கிழிந்து, மூங்கில் நார் நாராகத் தொங்கியது.

"இதென்ன மனே, முதுகில மூங்கில்?"

இந்தக் கேள்விக்குச் சொல்லக்கூடிய உண்மை ஒன்று இருந்தது. அது சாமித்தம்பியின் தொண்டைவரை வந்தது. உங்கட மகளுக்காகத்தான் செய்தன் மாமா, வேணுமெண்டுதான் செய்தன். சபை முழுவதும் அவன் வாயைப் பார்த்தது. அவன் வாய் தனக்குப் பழகின வழியில் போனது.

"அண்ணாவியார்தானே முறியாத வில்லெண்டு பாடினாரு. வச்சிரத்தால செய்த வில்லெண்டாரு. வச்சிரம் காய்ச்சி, மூங்கில் வைச்சு ஒட்டினன்."

முதலில் சிரித்தது அண்ணாவியார். "என்ட பாட்ட இவ்வளவு கவனமாக் கேட்ட ஆள் இந்தப் பூமியில இவன் ஒருத்தன்தான்!" என்று அவனைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எழும்பிய சிரிப்பை அளக்க முடியாது. சிரித்து விழுந்தவர்களை மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒருவராவது அவனைச் சந்தேகிக்கவில்லை. வஞ்சகன் என்று ஒருவன் ஏசியிருந்தால் சாமித்தம்பி தாங்கியிருப்பான். வஞ்சகனுக்கு ஊரில் ஒரு பயம் உண்டு, பயத்தோடு ஒரு மதிப்பும் உண்டு. புத்தி மட்டான விசரனுக்கு அன்புதான் கிடைக்கும். அது அவனுக்கு நிறையக் கிடைத்தது. அன்றைக்கே பெயரையும் மாற்றி வச்சிரத்தம்பி ஆக்கிவிட்டார்கள்.

பெண்கள் பக்கத்தில் சிரிக்காமல் இருந்தது ஒருத்தி. இராசாத்தி அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனாள்.

நாள் வைத்தார்கள். கலியாணம் நெருங்கியபோது கந்தப்போடி கொட்டிலுக்கு வந்தார். வந்தவர் முகத்தில் தங்கச்சி மகன்மேல் உள்ள பிரியம் அப்படியே வழிந்தது.

"மனே, மூங்கில் வேலைக்கு இந்தக் கரையில உன்ன விட்டா ஆரு? கலியாணப் பந்தல நீதான் போடோணும்." படி இறங்கும்போது திரும்பி, "முறியாத பந்தலாப் போடு!" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டு போனார்.

சாமித்தம்பி போட்டான். வேறென்ன செய்வது, தாய்மாமன் வீட்டுக் கலியாணம். கால் நட்டு, வளை ஏற்றி, மூங்கில் மூங்கிலாகக் கட்டினான். முற்றத்தில் கந்தப்போடியும் நல்லரத்தினமும் இன்னும் சிலரும் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருந்தார்கள். உள்ளே பலகாரம் சுடுகிற மணம். பாதிப் பந்தல் கட்டி முடிந்த இடத்தில் அவனுடைய கை நின்றது. ஏணியால் இறங்கி வந்தான். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

"மாமா."

"என்ன மனே, கயிறு காணாதா?"

"இராசாத்திய எனக்குத் தாங்க."

கந்தப்போடி வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி அடித்தார்.

"கேட்டீங்களா? பந்தலையும் போட்டுப்போட்டு வச்சிரத்தம்பி பொண்ணுக் கேக்கிறான்!"

வெற்றிலைத் தட்டம் கவிழ்ந்தது. ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்டினார்கள். நல்லரத்தினமும் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை, மனம் விட்டுத்தான் சிரித்தான். எழும்பி வந்து சாமித்தம்பியின் தோளில் கை போட்டான்.

"மச்சான், இத ஆரு பாடினது, கேக்கச் சொல்லி?"

சிரிப்பு இன்னொரு தரம் எழும்பியது. இராசாத்தி உள்ளே அடுக்களையில் இருந்தாள். கொஞ்சநேரத்தால் அடுக்களைக் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

சாமித்தம்பியும் சிரித்தான். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவன் மட்டும் சிரிக்காமல் நின்றால், கேட்டது மெய் என்று ஆகிவிடும். நல்லரத்தினத்தின் கையை மெல்லத் தோளிலிருந்து எடுத்துவிட்டான். குனிந்து கயிற்றை எடுத்தான். ஏணியில் ஏறி, விட்ட முடிச்சிலிருந்து கட்டத் தொடங்கினான். கீழே யாரோ சிந்திய பாக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.